கதவில் ஒரு பெயர்

தமிழிலே வீடு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதர் குடியிருக்கும் இல்லமும் வீடுதான். அறம், பொருள், இன்பம் என்பவற்றின் பின் வைத்து எண்ணப்படும் விடுதலையும் வீடுதான். பகல் முழுவதும் சுமந்த பாரத்தை இறக்கிவிட்டு, பிறர் கண்களினின்றும் விடுபட்டு, ஒருவன் தானாக இருக்கக்கூடிய இடத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அவ்வாறாயின், வீடில்லாதவன் கூரையை மாத்திரம் இழந்தவனல்லன். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அவனுக்கு இல்லை. தூங்கும்போதும் ஊரார் பார்வையில் கிடக்கிறான். கடிதம் வந்து சேரும் முகவரி இல்லை. முகவரி இல்லாதவனுக்கு மெல்ல மெல்லப் பெயரும் இல்லாமற் போய்விடுகிறது. நகரம் அவனை 'அந்த ஆள்' என்று மாத்திரமே அறிகிறது.

கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் அயலிலும், புறக்கோட்டைக் கடைகளின் பூட்டிய வாயில்களிலும் இரவு பத்து மணிக்குப் பின் நடந்து செல்வோர் இத்தகைய மனிதரைக் காணாதிருத்தல் அரிது. நம்மிற் பெரும்பாலோர் ஒரு கணம் இரங்குகிறோம். சிலர் சில்லறை கொடுக்கிறோம். இன்னுஞ் சிலர், பிறந்தநாளிலோ நினைவுநாளிலோ சோற்றுப் பொதிகளைக் கொண்டுபோய்ப் பகிர்ந்தளிக்கிறோம். இவற்றைக் குறைத்துப் பேசுதல் என் நோக்கமன்று. பசித்தவனுக்குச் சோறிட்டவனைப் பழிப்பவன் தமிழனாயிரான். ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. பொதியை அவிழ்த்து உண்டவன் மறுநாட் காலையில் எங்கே எழுகிறான்? அதே வாயிலில்தான். அடுத்த ஆண்டு அதே நினைவுநாளில் நாம் மீண்டும் பொதியோடு செல்லும்போதும் அவன் அங்கேதான் இருப்பான், உயிரோடிருந்தால்.

இக்கேள்வியை ஒரு நகரம் நாற்பதாண்டுக் காலம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, ஈற்றில் ஒரு விடையையும் கண்டது. அந்நகரம் பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கி. நமக்கு மொழியாலும் மதத்தாலும் காலநிலையாலும் எவ்வகை உறவுமில்லாத ஊர். எனினும் தருமம், தொண்டு, உரிமை ஆகிய மூன்றையும் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணங்களைச் சற்றே உலுக்கிப் பார்க்கும் ஆற்றல் அவ்வூரின் கதைக்கு உண்டு என்பதனாலேயே அதனை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

பின்லாந்து 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. அதன் பொன்விழா 1967இல் வந்தது. நாடெங்கும் விழாக் கோலம். அவ்வாண்டின் குளிரிலேதான் ஹெல்சிங்கியின் தெருக்களில் வீடற்ற மனிதர் பலர் உறைந்து மடிந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மதுவுக்கு அடிமையானோர். போர்க்காலத்தின் வடுக்களைச் சுமந்தோர். குடும்பத் தொடர்பு அறுந்தோர். வெப்ப நாட்டு மக்களாகிய நமக்கு அந்தக் குளிரைக் கற்பனை செய்தலும் கடினம். அங்கே தெருவில் உறங்குதல் என்பது வறுமையின் அடையாளம் மாத்திரமன்று. சாவோடு நடத்தும் சூதாட்டமும் ஆகும். விழாவின் விளக்கொளியும் தெருவில் விறைத்த உடல்களும் ஒரே நகரில் ஒரே பருவத்தில் காட்சியளித்தன.

அக்காட்சியைப் பொறுக்காத இளைஞரும் ஆராய்ச்சியாளரும் சிலர் அவ்வாண்டு ஒன்றுகூடி 'நவம்பர் இயக்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் முன்னணியில் நின்றோருள் ஒருவர் இல்க்கா தைப்பலே என்னும் இளம் மருத்துவர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. கதையின் பிற்பகுதியிலும் அவரைச் சந்திப்போம். மாநகரம் கடற்கரையோரத்தில் இருந்த பழைய வர்ணக் களஞ்சியம் ஒன்றைத் திறந்துவிட, வீடற்றோர் அங்கே இரவைக் கழித்தனர். 'சுவாலை ஹோட்டல்' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. துன்பத்தில் உழல்வோர்க்கே உரிய கசப்பான நகைச்சுவை அப்பெயரில் இருக்கிறது.

நவம்பர் இயக்கத்தினர் வெறுமனே கஞ்சி வார்க்க வந்தவரல்லர். குடிகாரனையும் வீடற்றவனையும் குற்றவாளியாகக் கருதும் சட்டங்களோடு அவர்கள் மோதினர். பின்லாந்தில் 1936ஆம் ஆண்டின் அலைந்துதிரிவோர் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. வேலையும் வீடுமின்றித் திரிபவனைக் கண்காணிக்கவும் தொழிற்கூடங்களில் அடைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. பொதுவிடத்தில் வெறித்திருத்தல் குற்றமாகாது என 1969இல் மாற்றப்பட்டது. அலைந்துதிரிவோர் சட்டமோ 1980களின் நடுப்பகுதிவரை நீடித்தே ஒழிந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டை நினையாதிருத்தல் இயலாது. பிரித்தானியர் தம் நாட்டிலே 1824இல் இத்தகைய சட்டமொன்றை இயற்றினர். நெப்போலியனுடன் நடந்த போர்கள் முடிந்தபின் வேலையின்றித் தெருவுக்கு வந்த போர்வீரர் முதலியோரை அடக்குதற்கு அது பயன்பட்டது. அம்மரபையே பின்பற்றி இலங்கையில் 1841இல் அலைந்துதிரிவோர் கட்டளைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் காடுகள் வெட்டப்பட்டு, தென்னிந்தியாவிலிருந்து கூலிகள் கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட காலம் அது. இலண்டனின் குளிரிலும், ஹெல்சிங்கியின் பனியிலும், கொழும்பின் வெயிலிலும் ஆட்சியாளருக்குத் தோன்றிய எண்ணம் ஒன்றே: வீடில்லாமை ஒருவனுக்கு நேர்ந்த இடரன்று, அவன் இழைத்த குற்றம். சட்டம் மாறினும் அந்த எண்ணம் மனங்களினின்றும் எளிதில் மாறுவதில்லை. 'உழைத்தால் வீடு கிடைக்காதா?' என்று நாம் நம் வரவேற்பறையில் இருந்துகொண்டு கேட்கும்போது, 1841ஆம் ஆண்டின் குரலே நம் வாயினின்றும் ஒலிக்கிறது.

குற்றம் என்னும் எண்ணம் தளர்ந்தபின் அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது தகுதி என்னும் எண்ணம். மேலைநாட்டு நகரங்கள் பலவற்றிலே சமூக சேவையாளர் ஒரு படிக்கட்டு முறையை அமைத்தனர். தெருவிலிருப்பவன் முதலிற் பொது உறைவிடத்துக்கு வரவேண்டும். அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால் விடுதிக்கு உயர்வான். குடியை விட்டால் மேற்பார்வையுடன் கூடிய அறை கிடைக்கும். இவ்வாறு ஒவ்வொரு படியாகத் தேறி, ஈற்றில், தகுதி வாய்ந்தவன் என்று சான்று பெற்றபின், சொந்தமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். ஆசிரியர்களாகிய நமக்கு இம்முறை நன்கு பிடிக்கும். முதலாம் வகுப்பில் தேறியவனைத்தானே இரண்டாம் வகுப்புக்கு ஏற்றுகிறோம்!

ஆயின் நடைமுறையில் நேர்ந்தது யாது? ஒரு பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் நடுவில், காலணி களவு போகுமென்று அதனைத் தலைக்கு வைத்துப் படுப்பவன், அருகில் குடித்துப் புலம்புபவனின் ஓசையிடையே குடியை விடுவதெங்ஙனம்? காலையில் உறைவிடத்தை விட்டு வெளியேறி மாலைவரை தெருவிற் சுற்றவேண்டியவன் வேலைக்குச் செல்வதெங்ஙனம்? ஒரு படி ஏறியவன் ஒருமுறை சறுக்கினால் மீண்டும் அடிப்படிக்கே தள்ளப்பட்டான். அமைதியான வாழ்வினால் விளையவேண்டிய பண்புகளை, அமைதியான வாழ்வு பெறுவதற்கு முன்நிபந்தனையாக வைத்ததே அம்முறையின் பெரும்பிழை. நீந்தக் கற்றுக்கொண்ட பின்னரே நீரில் இறங்கலாம் என்று சொல்லுதலை இது ஒக்கும்.

ஹெல்சிங்கியில் 1985ஆம் ஆண்டு பொது உறைவிடங்களிலும் விடுதிகளிலுமாக 2,121 படுக்கைகள் இருந்தன. அவ்வாண்டிலேயே ஒரு புதிய முயற்சியும் கருக்கொண்டது. பெரிய நகரங்களின் நிருவாகங்கள், திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம் முதலிய பல தரப்பினரும் சேர்ந்து 'வை அறநிலையம்' என்பதை நிறுவினர். தனியர் என்பதைக் குறிக்கும் பின்னிஷ் மொழிச் சொல்லின் முதலெழுத்தே அந்த 'வை'. இந்நிலையம் மண்டபம் கட்டவில்லை. சாதாரண மக்கள் வாழும் மாடிக் கட்டடங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகளை விலைக்கு வாங்கி, வீடற்றோருக்கு வாடகைக்கு விட்டது. விலையின் ஒரு பகுதி, நாட்டின் சூதாட்டப் பொறிகளிலிருந்து திரண்ட வருமானத்தினின்றும் மானியமாகக் கிடைத்தது. சூதாடித் தோற்றோர் இழந்த பணம், வாழ்விலே தோற்றோர்க்குக் கூரையாயிற்று! இன்று அந்நிலையம் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உடையது. அந்நாட்டின் பெரிய வீட்டுச் சொந்தக்காரருள் ஒன்றாக விளங்குகிறது.

இரண்டாவது முயற்சி இன்னும் எளியது. ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ வீடற்றோருக்கான ஆண்டாக அறிவித்தபோது, பின்லாந்து தன் வீடற்றோரை எண்ணத் தொடங்கிற்று. எண்ணிப் பார்த்தபோது நாடெங்கும் 18,000க்கும் மேற்பட்டோர் இருந்தமை தெரியவந்தது. அன்றுமுதல் ஆண்டுதோறும் எண்ணுகின்றனர். நண்பர் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் தற்காலிகமாக ஒண்டியிருப்போரையும் வீடற்றோர் பட்டியலில் சேர்க்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. எண்ணுதல் ஒரு சிறு காரியம் எனத் தோன்றலாம். ஆனால் எண்ணப்படாத துன்பத்துக்கு எந்த அரசும் பொறுப்பேற்பதில்லை. கணக்கில் வராதவன் வரவுசெலவுத் திட்டத்திலும் வரான்.

இவ்விரு முயற்சிகளாலும் வீடற்றோர் தொகை பெரிதும் குறைந்தது. எனினும் ஒரு பகுதியினர் ஆண்டுக்கணக்காக உறைவிடத்துக்கும் தெருவுக்குமிடையே அலைந்தபடியே இருந்தனர். நோயும் குடியும் போதைப்பொருளும் அவர்களை விடவில்லை. இவர்களை என் செய்வது என்று ஆராய 2007இல் நால்வர் குழுவொன்று அமைக்கப்பட்டது. வை அறநிலையத்தின் தலைவர் ஒருவர். ஹெல்சிங்கியின் பேராயர் ஒருவர். மாநகரின் சமூக சேவைத் தலைவர் ஒருவர். நான்காமவர் ஒரு மருத்துவர். அவர்தாம் இல்க்கா தைப்பலே. பொன்விழா ஆண்டிலே தெருவில் மடிந்தோருக்காகக் குரலெழுப்பிய அந்த இளைஞர், நாற்பதாண்டுகளின் பின் நரைத்த தலையோடு அரசின் மேசையில் அமர்ந்து, அதே மனிதருக்காக எழுதினார். தொண்டு என்பது ஒருநாட் கிளர்ச்சியன்று என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அவர்கள் எழுதிய அறிக்கையின் பெயர் 'கதவில் பெயர்' என்பதாகும். பின்லாந்தின் மாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டின் கதவிலும் குடியிருப்பவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வீடற்றவனுக்கு வேண்டுவது அத்தகைய கதவு என்றனர் அவர்கள். முதலில் வீடு, மற்றவை பின்னர். குடியை விட்டவனுக்கு வீடு என்னும் நிபந்தனை இல்லை; வீட்டில் இருந்துகொண்டு, தான் விரும்பும்போது, குடியை விட முயலட்டும். நியூயோர்க் நகரிலே சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர் 1992இல் இத்தகைய கொள்கையைச் சிறு அளவிற் செயற்படுத்தி வெற்றி கண்டிருந்தார். ஆயின் ஒரு நாடு முழுவதும் அதனைத் தன் கொள்கையாக வரித்துக்கொண்டது பின்லாந்திலேதான். அத்திட்டம் 2008இல் தொடங்கிற்று.

திட்டத்தின் துணிவான பகுதி பொது உறைவிடங்களை ஒழித்ததே. ஹெல்சிங்கியின் ஆல்ப்பிக்காத்து வீதியில் இரட்சணிய சேனையினர் 1930களில் தொடங்கிய பழம்பெரும் உறைவிடம் ஒன்று இருந்தது. அதில் 250 படுக்கைகள். அதனை மூடித் திருத்தியமைத்து, ஏறத்தாழ 80 தனி வீடுகளாக ஆக்கினர். ஒவ்வொன்றுக்கும் சமையலிடம், குளியலறை, பூட்டும் சாவியும். குடியிருப்போர் வாடகை ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர், வாடகையும் செலுத்தினர், இயலாதோருக்கு அரசின் வீட்டுதவிப் பணம் துணைசெய்தது. கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் உதவியாளர் எந்நேரமும் இருப்பர். ஆயினும் அழைப்பின்றி எவர் வீட்டினுள்ளும் நுழையார். நகரில் 2008இல் 558 ஆக இருந்த உறைவிடப் படுக்கைகள் 2016இல் 52 ஆகக் குறைந்தன. நெடுங்கால வீடற்றோர் தொகை 2008க்கும் 2015க்கும் இடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது.

'குடிகாரனுக்கு வீடு கொடுத்தால் அயலவர் பொறுப்பார்களா?' என்று கேட்பார் உளர். பொறுக்கவில்லை என்பதே உண்மை. புதிய இல்லங்கள் அமையவிருந்த இடங்களில் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு விடையாக அவ்வில்லங்களின் உதவியாளர் அயலவர் கூட்டங்களுக்குச் சென்றனர். தொலைபேசி எண் கொடுத்தனர். குடியிருப்போரும் உதவியாளரும் சேர்ந்து அச்சுற்றாடலின் பூங்காக்களையும் வீதிகளையும் கூட்டித் துப்புரவு செய்தனர். நேற்றுவரை குப்பையெனக் கருதப்பட்டவன் இன்று குப்பை பெருக்கும் அயலவனானான். அதனால் எல்லாப் பூசலும் தீர்ந்தன என்று நான் சொல்லவில்லை. பூசலைப் பேசித் தீர்க்க ஒரு வழி பிறந்தது.

'பின்லாந்து செல்வநாடு, நமக்கு அது பொருந்துமா?' என்பது அடுத்த வினா. நேர்மையான வினாதான். அவர்களது வீட்டுதவிப் பணமும் சமூகக் காப்புறுதியும் நம் திறைசேரியில் இல்லை. ஆயினும் அவர்கள் இதனைச் செல்வச் செருக்கினால் மாத்திரம் செய்தவரல்லர். தெருவில் விடப்பட்டவனுக்காகவும் அரசு செலவு செய்துகொண்டேயிருக்கிறது: ஆஸ்பத்திரிக் கட்டில், அம்புலன்ஸ் வண்டி, பொலிஸ் காவல், நீதிமன்றம், சிறை. தாம்பரே என்னும் நகரில் ஒரு சிறு இல்லத்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவருக்கு ஆண்டொன்றில் சுமார் 15,000 யூரோ மீதமாயிற்று என்று காட்டிற்று. சிறு இல்லத்தின் கணக்கை உலகப் பொதுவிதியாகக் கொள்ளுதல் தவறு. ஆனால் 'கொடுப்பது செலவு, கொடாதது மிச்சம்' என்னும் நம் எண்ணத்தைத் தகர்ப்பதற்கு அது போதும். வறிய நாட்டுக்கு வீண்செலவு இன்னும் கட்டாது.

இனி, தொண்டரைப் பற்றிப் பேசுவோம். அரசு வீடு கட்டிக் கொடுக்குமாயின் தொண்டருக்கு அங்கே வேலை யாது? இக்கேள்விக்கு ஹெல்சிங்கி தரும் விடை நம் தொண்டர் கழகங்கள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அங்கே 1986இல், வீடற்றோர் தாமே கூடி ஒரு சங்கம் அமைத்தனர். 'நிலையான வீடில்லாதோர்' என்பது அதன் பெயரின் பொருள். இச்சங்கத்தின் பெரும் பணிகளுள் ஒன்று 'கல்க்கர்ஸ்' என்னும் இராக்கோப்பிக் கடை. படுக்கை இல்லாதவன் இரவிலே வந்து அமர்ந்து, சூடாக ஏதேனும் குடித்து, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். தொண்டர்கள் அங்கே முறைவைத்து வருகின்றனர். பெயரைக் கேட்டுப் பதியும் பதிவேட்டைவிட, பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் அங்கே முக்கியம்.

அச்சங்கத்தார் 2002இல் தொடங்கிவைத்த வழக்கம் ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 17ஆம் திகதி 'வீடற்றோர் இரவு' கொண்டாடப்படுகிறது. அது உலக வறுமை ஒழிப்பு நாளுமாகும். அன்று சூடான உணவும் உடையும் வழங்குகின்றனர். அதனோடு நில்லாமல், வீடுள்ளோரையும் அழைத்து நெருப்பைச் சுற்றி நிறுத்தி, வீட்டுக் கொள்கையைப் பற்றி அரசியலாளரிடம் கேள்வி எழுப்புகின்றனர். உணவும் உண்டு, உரிமைக் குரலும் உண்டு. ஒரு கையில் அகப்பை, மறுகையில் கோரிக்கை மனு.

இதிலிருந்து நான் கற்றுக்கொள்வது யாதெனில், தொண்டு இருவகைப்படும் என்பதே. ஒன்று, அரசு செய்யவேண்டியதைச் செய்யாதபோது அந்த ஓட்டையைத் தன் உள்ளங்கையால் அடைப்பது. மற்றொன்று, எந்த அரசாலும் செய்யமுடியாததைச் செய்வது: தோழமை. வீட்டை அரசு கொடுக்கலாம். வீட்டுக்கு விருந்தாளியாக வருவதற்கு ஓர் உத்தியோகத்தரை நியமிக்க முடியாது. நெடுநாள் தெருவில் வாழ்ந்தவன் முதன்முறையாகத் தனியறைக்குள் புகும்போது தனிமை அவனைக் கௌவுகிறது என்று அங்குப் பணியாற்றுவோர் கூறுகின்றனர். அத்தனிமையை நீக்கவல்லது அண்டை வீட்டாரின் நட்பேயன்றிப் பிறிதில்லை. நமது தொண்டரோ முதல்வகையிலேயே தம் ஆற்றல் முழுவதையும் செலவிடுகின்றனர். ஓட்டையை அடைத்த கை அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. அக்கை எடுத்து எழுதவேண்டிய மனு எழுதப்படவில்லை.

இலக்கியப் பகுதியிலே இதனை எழுதுவானேன் என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். அவருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி. 1966ஆம் ஆண்டு நவம்பரில் பீ.பீ.சீ. தொலைக்காட்சி 'கேத்தி கம் ஹோம்' என்னும் நாடகத்தை ஒளிபரப்பிற்று. ஜெரெமி சான்ட்போர்ட் எழுதியது. கென் லோச் இயக்கியது. வீடிழந்த இளந் தாயொருத்தி ஈற்றில் தன் குழந்தைகளையும் இழக்கும் கதை. ஏறக்குறைய 12 மில்லியன் மக்கள் பார்த்தனர், நாடே கலங்கிற்று. அடுத்த சில நாட்களிலேயே 'ஷெல்ட்டர்' என்னும் வீட்டுரிமை அமைப்பும் தொடங்கப்பட்டு, மக்களின் நன்கொடை குவிந்தது. ஆனால் வீடற்ற குடும்பங்களுக்கு இடமளித்தல் உள்ளூராட்சி மன்றங்களின் கடமை எனச் சட்டம் வந்தது 1977இல். ஒரு மாலைப் பொழுதின் கண்ணீருக்கும் ஒரு சட்டத்தின் வரிக்கும் இடையே பதினொரு ஆண்டு. கலைஞன் கண்ணீரை வரவழைக்கலாம். அக்கண்ணீர் காய்ந்தபின்னும் நின்று உழைப்போர் வேண்டும். எனினும் நாடகம் வராதிருந்தால் அந்தப் பதினோராண்டு நடை தொடங்கியே இருக்குமா என்பதையும் எழுத்தாளர் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஹெல்சிங்கியின் கதை இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆயின் உண்மை அதற்கு இடந்தரவில்லை. பின்லாந்தின் வீடற்றோர் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து 2023இல் 3,429 ஆக வந்து நின்றது. அடுத்த ஆண்டாகிய 2024இல் அது 3,806 ஆக உயர்ந்தது. பத்தாண்டுக்கு மேலாகக் காணாத ஏற்றம். வீட்டுதவிப் பணம் முதலிய சமூக உதவிகள் வெட்டப்பட்டமையே முக்கிய காரணம் என அங்குள்ள தொண்டு நிறுவனங்கள் முறையிட்டன. நாற்பதாண்டாகக் கட்டியதும் ஓரிரு வரவுசெலவுத் திட்டங்களால் ஆட்டங்காணும். 2000ஆம் ஆண்டின் பின்லாந்து அரசியலமைப்பு தன் 19ஆம் பிரிவிலே, ஒவ்வொருவரதும் வீட்டுரிமையை மேம்படுத்தல் அரசின் கடன் எனக் கூறுகிறது. எழுதப்பட்ட உரிமையும் காவலின்றேல் தேயும் என்பதே இதன் பாடம். அக்காவலே தொண்டரின் மூன்றாவது பணி எனலாம்.

இவையெல்லாம் நமக்கு அந்நியமான செய்திகளா? வீடு என்பது யாதென்பதை உலகிலே நம்மவரைப்போல் அறிந்தோர் சிலரே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கி நடந்தது. பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் கதவு திறந்தன. முன்பின் அறியாதோர் தம் விறாந்தைகளில் பாய் விரித்துக் கொடுத்தனர். அன்று நம் ஊர்கள் செய்த தொண்டுக்கு ஒப்புச் சொல்லுதல் அரிது. அதேவேளை, வடபகுதியில் 1990இல் இடம்பெயர்ந்தோருட் சிலர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நலன்புரி நிலையங்களிலேயே வாழ்ந்ததையும் கண்டோம். குழந்தையாக உள்ளே சென்றவர் அங்கேயே மணமுடித்து மக்களைப் பெற்றனர். நிவாரண அரிசி வந்தது, தறப்பாள் வந்தது, பார்வையிட வந்தோரும் பலர். அவர்கள் கேட்டதோ தம் கதவும் தம் கிணற்றடியும். தற்காலிகம் என்பது எவ்வளவு காலம் நீளக்கூடியது என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். அத்துன்பத்தைக் கடந்துவந்த ஒரு சமூகம், நகரத் தெருவில் உறங்கும் தனிமனிதனைக் காணும்போது, 'அவன் வேறு, நாம் வேறு' என்று கடந்து செல்லுதல் முறையாகுமா?

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. முதலாவது, எண்ணுங்கள். உங்கள் நகரத்தில் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் கோயில் வாயிலிலும் இரவைக் கழிப்போர் எத்தனை பேர் என்பதை ஆண்டுக்கொருமுறை, அவர்களது மதிப்புக்குக் குறைவு வாராமல், கணக்கெடுத்து மாநகரசபைக்கு எழுத்திலே கொடுங்கள். இரண்டாவது, பெயரைக் கேளுங்கள். சோற்றுப் பொதியை நீட்டும்போது படம் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, பக்கத்தில் அமர்ந்து, ஐயா உங்கள் ஊர் எது, அம்மா உங்கள் பெயர் என்ன என்று வினவுங்கள். மூன்றாவது, கூடச் செல்லுங்கள். தேசிய அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். முகவரி இல்லாதவன் அவர் முன் செல்லவே அஞ்சுகிறான். ஆஸ்பத்திரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு மாணவன் துணையாகச் சென்றால், பத்து நாட் சோற்றினும் பெரிய உதவி அது. நான்காவது, கேளுங்கள். ஒரு பெரிய மண்டபத்துக்குப் பதிலாகச் சில சிறிய அறைகளை, பூட்டுஞ் சாவியுமாக, நகரசபை ஏன் கட்டக்கூடாது என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

சோற்றுப் பொதியை நிறுத்துமாறு நான் சொல்லவில்லை. இன்றிரவு பசிப்பவன், சட்டம் வரும்வரை காத்திரான். ஆயின் பொதியைக் கொடுத்துத் திரும்பும்போது நம் மனத்திலே தோன்றும் நிறைவை நாம் சற்றே ஐயுறல் வேண்டும். அந்நிறைவோடு நாம் சென்று சேர்வது நமது வீட்டுக்கு. சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறோம். உள்ளே சென்று தாழிடுகிறோம். அந்தத் தாழ்ப்பாளின் ஓசையைக் கேட்கும்போதாவது, அவ்வோசை வாய்க்காத ஒருவன் இதே நகரில் இருக்கிறான் என்பது நம் நினைவுக்கு வருமாயின், நம் தொண்டு அவ்விடத்திலே தொடங்கும்.